வேறு வேறு சபை, ஒரே தெரு: கிறிஸ்தவ ஒற்றுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது ராயபுரத்தில், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். வாழ்க்கைப்பட்டது பெரம்பூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுக்கு. என் தம்பி பத்து வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். அதனால் சபைகளுக்கு இடையே ஒற்றுமை என்பது எங்கள் வீட்டில் சோறு பரிமாறும்போதே பேசப்படும் விஷயம். ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் பகுதியில் நாலைந்து சபைக்காரர்கள் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று கூடி ஜெபிக்கிறோம். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது வருகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. இருபத்தைந்து வருடமாக இரண்டு சபைகளுக்கு நடுவே குடும்பம் நடத்துகிறவள்.

இந்த ஜெபம் ஏன் ஜனவரி 18 முதல் 25 வரை?

பேதுருவுக்கு உரிய ஒரு பழைய திருநாள் 18-ம் தேதி. பவுல் மனம் திரும்பிய நாள் 25. இரண்டுக்கும் இடைப்பட்ட எட்டு நாட்களை ஒற்றுமைக்காக ஜெபிக்கும் நாட்களாக 1908-ல் அமெரிக்காவில் பால் வாட்சன் என்ற குருவானவர் தொடங்கினார். அப்போது அவர் ஆங்கிலிக்கன் மரபுச் சபையில் இருந்தார், அப்புறம் கத்தோலிக்கரானார். இப்போது ஒவ்வொரு வருடத்துக்கும் உரிய வசனத்தையும் ஜெபங்களையும் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து தயாரிக்கின்றன.

சென்னையில் இத்தனை சபைகள் எப்படி வந்தன?

வேப்பேரியில் இருக்கும் பரிசுத்த மத்தியா ஆலயத்தின் கதை தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். இன்று அது சி.எஸ்.ஐ. ஆலயம். 18-ம் நூற்றாண்டில் அந்த இடத்தில் இருந்தது மாதாவின் பெயரில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம். அதற்குப் பணம் போட்டவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் முதல் பாலத்தையும் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். இன்று அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. 1752-ல் ஆங்கிலேய அரசு அந்தச் சிற்றாலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து ஒரு ஆங்கிலிக்கன் சங்கத்திடம் கொடுத்தது. அந்தச் சங்கம் அங்கே வைத்திருந்த மிஷனரி யார் தெரியுமா? பப்ரீசியஸ். ஜெர்மானியர், லுத்தரன். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்த அதே பப்ரீசியஸ். கத்தோலிக்கர், ஆர்மீனியர், லுத்தரன், ஆங்கிலிக்கன், சி.எஸ்.ஐ. எல்லாம் ஒரே மனையில்.

மற்றபடி வரிசை எளிது. மயிலாப்பூருக்குப் போர்ச்சுகீசியர் 16-ம் நூற்றாண்டில் வந்தார்கள். கோட்டைக்குள் ஆங்கிலேயர் 1680-ல் புனித மரியாள் ஆலயத்தைத் திறந்தார்கள். எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821-ல் தங்கள் கிர்க்கை, அதாவது ஆலயத்தைக் கட்டினார்கள். இவர்கள் போக மெதடிஸ்டுகள், அமெரிக்க மிஷன், லுத்தரன்கள், வேலைக்கு வந்த மலையாளிகளோடு சிரியன் சபைகள், 20-ம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தேக்காரர்கள். ஒவ்வொரு கப்பலும் நற்செய்தியோடு தன் ஊர்ச் சண்டையையும் சேர்த்தே இங்கே இறக்கியது. ஜெர்மனியில் லூத்தருக்கும் ரோமுக்கும் நடந்த வழக்கில் வியாசர்பாடிக்காரருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அந்த வழக்கின் தீர்ப்பை நம் வீட்டுக் கல்யாணத்தில் அனுபவிக்கிறோம்.

எல்லாப் பழியையும் கப்பல் மேல் போடவும் கூடாது. சொத்து, பதவி, சாதி, ஒரு பாஸ்டருக்கும் இன்னொரு பாஸ்டருக்கும் ஒத்துப்போகாதது என்று பிந்திய பிரிவுகளில் பல நாமே உண்டாக்கியவை.

ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே சபையாகிவிட வேண்டுமா?

அப்படி ஆக முடியுமா என்று நம் ஊரிலேயே ஒரு தடவை முயன்று பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். கூட்டியவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். நம்மைப் பிரித்த காரணங்களை உண்டாக்கியவர்கள் நாம் இல்லை, வெளியிலிருந்து நம் மேல் வைக்கப்பட்டவை அவை என்று அந்தக் கூட்டத்தின் அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகு பேச்சுவார்த்தை கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருடம் நடந்தது. பேராயர்கள் வேண்டும் என்றது ஒரு பக்கம், வேண்டவே வேண்டாம் என்றது இன்னொரு பக்கம். பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்யாத குருவானவர் கொடுக்கும் நற்கருணை (ஆராதனையில் பகிரும் அப்பமும் ரசமும்) செல்லுமா என்பதுதான் பெரிய முடிச்சு. கடைசியில், ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களை மறு அபிஷேகம் இல்லாமல் அப்படியே ஏற்பது, இனி வரும் எல்லோரையும் பேராயர்கள் அபிஷேகம் செய்வது என்று ஒத்துக்கொண்டார்கள். எந்தச் சபையின் மனசாட்சிக்கும் விரோதமான ஊழியரை அதன் மேல் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் முழு ஒப்பந்தத்திலும் அழகான இடம் இந்த வாக்குதான்.

1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுக்காரர்கள் ஒரே சபையானார்கள். பேராயர்கள் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றாவது அதுவரை உலகில் எங்கும் நடந்ததில்லை. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1-ம் தேதி இறந்துபோனார். அந்தப் பேராலயத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

லுத்தரன்கள் சேரவில்லை, பாப்டிஸ்டுகள் சேரவில்லை, கத்தோலிக்கர் அந்தப் பேச்சிலேயே இல்லை. ஆகவே என் பதில்: ஒரே சபையாவது நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு தலைமுறைக் காலமும் அளவில்லாத பொறுமையும் வேண்டும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சேர்ந்து என்ன பயன்? சி.எஸ்.ஐ.யிலும் தேர்தல், வழக்கு என்றுதானே போகிறது?

இதை என் வீட்டுக்காரரே கேட்பார். வழக்குகள் இருப்பது உண்மை, அது வலிக்கிறது. ஆனால் எழும்பூர் கிர்க்கில் ஸ்காட்லாந்து மரபில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையும், கதீட்ரலில் ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்த பிள்ளையும் கட்டிக்கொள்ளும்போது எந்தச் சபை என்ற கேள்வியே இன்று எழுவதில்லை. எண்பது வருடத்துக்கு முன்னால் எழுந்திருக்கும். தாங்கள் ஒருகாலத்தில் வேறு வேறு சபை என்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த மறதி சாதாரணப் பயன் இல்லை.

சரி, ஒரே சபையாகாமல் ஒற்றுமைக்கு வேறு என்ன அர்த்தம்?

1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடியபோது ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். ஆழமான விசுவாச வேறுபாடு தனித்தனியாகச் செய்யத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்தே செய்யக்கூடாதா என்பது அதன் சாரம். எனக்கு இதைவிட உபயோகமான விளக்கம் கிடைக்கவில்லை. பொதுவாக நாம், ஒன்றாகச் செய்வதற்குத்தான் காரணம் கேட்கிறோம். தனியாகச் செய்வதற்குக் காரணம் சொல் என்கிறது இந்தக் கேள்வி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இது எனக்குப் புரிந்தது. எங்கள் பகுதியில் மூன்று சபைகள் தனித்தனியாகச் சமைத்தன. மூன்று இடத்திலும் எலுமிச்சை சாதம். மூன்று வண்டிகளும் ஒரே மதியம் வியாசர்பாடியில் ஒரே தெருவுக்குப் போய் நின்றன. சில பொட்டலங்கள் மிஞ்சி வீணாயின. இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களுக்கு இரவுவரை ஒன்றும் போகவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. எலுமிச்சை சாதத்தில் என்ன உபதேச வேறுபாடு? அந்த வெட்கத்தில் நாலு பேர் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருக்களைப் பிரித்துக்கொண்டோம். ஒரு சபை அரிசி, ஒரு சபை பால், ஒரு சபை பாய் போர்வை. ஜனவரி ஜெபமும் அந்த நம்பர்களிலிருந்து முளைத்ததுதான்.

ஒரே வேதாகமம்தானே, ஏன் வார்த்தைகள் இவ்வளவு வேறு?

என் மாமியார் ‘தேவன்’, ‘கர்த்தர்’, ‘பரிசுத்த ஆவி’ என்பார். நான் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’, ‘தூய ஆவி’ என்பேன். என் பாட்டி ‘சர்வேசுரன்’ என்பாள், ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றும் சொல்லுவாள். அவள் ‘அருளப்பர்’ என்றால் மாமியாருக்கு யோவான். ‘இராயப்பர்’ பேதுரு, ‘சின்னப்பர்’ பவுல், ‘சூசையப்பர்’ யோசேப்பு. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று கண்டுபிடிக்கவே நேரமாகும்.

இதில் நிஜமாகவே குழப்புகிற ஒன்று உண்டு. கத்தோலிக்கருக்கு ‘ஆயர்’ என்றால் பிஷப், ‘பேராயர்’ என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் ‘ஆயர்’ என்றால் அந்தச் சபையின் குருவானவர், ‘பேராயர்’ என்றால் பிஷப். அழைப்பிதழ் அடிக்கும்போது கேட்டுக்கொள்ளாவிட்டால் யாருக்காவது மரியாதைக் குறைவாகிவிடும். ஒற்றுமைக்கே இரண்டு சொல் வைத்திருக்கிறோம்: கத்தோலிக்கருக்கு ‘ஒன்றிப்பு’, சி.எஸ்.ஐ.யில் ‘ஐக்கியம்’.

இந்தச் சுவரை உடைக்க நடந்த பெரிய முயற்சி 1995-ல் வெளிவந்த திருவிவிலியம். கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உட்கார்ந்து மொழிபெயர்த்த பொது மொழிபெயர்ப்பு. இன்று கத்தோலிக்கக் கோவில்களில் வாசிப்பது அதைத்தான். மற்றச் சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பே தொடர்கிறது. மனப்பாடமான வசனத்தை விட்டுக்கொடுப்பது எளிதில்லை, மாமியாரைப் பார்த்து அதைத் தெரிந்துகொண்டேன். புத்தக எண்ணிக்கையும் வேறு. கத்தோலிக்கருக்கு 73, சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே போன்ற சபைகளுக்கு 66. தோபித்து, மக்கபேயர் போன்றவை அந்த ஏழில் வரும்.

சேர்ந்து ஜெபிக்கும்போது கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எப்படிச் சொல்வது?

முதல் வருடம் இது சிக்கிக்கொண்டது. ஒரு பக்கம் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே”, இன்னொரு பக்கம் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே”. இரண்டாவது வரிக்குள் எல்லோரும் தடுமாறி நின்றோம். அப்புறம் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று ஒரு பாதி தொடர, நாங்கள் ஆமென் சொல்லி முடித்திருந்தோம். இப்போது ஒரு நாள் அவர்கள் வார்த்தையில், மறுநாள் எங்கள் வார்த்தையில். ஐந்தாறு வருடத்தில் இரண்டும் எல்லோருக்கும் வாயில் வந்துவிட்டது. என் மகள் எது எந்தச் சபையுடையது என்றே யோசிக்காமல் சொல்கிறாள்.

விசுவாசப் பிரமாணத்தில் மட்டும் ஒரு விளக்கம் தேவைப்படும். நாங்கள் ‘புனித, கத்தோலிக்கத் திரு அவை’ என்கிற இடத்தில் அவர்கள் ‘பரிசுத்த பொதுவான சபை’ என்பார்கள். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல். உலகமெங்கும் உள்ள முழுச் சபை என்று பொருள்.

கத்தோலிக்கர் மாதாவை வணங்குகிறார்களே, அவர்களோடு எப்படிச் சேர்ந்து ஜெபிப்பது?

இதைக் கேட்பவர்கள் உண்மையான கலக்கத்தோடுதான் கேட்கிறார்கள், எனவே கோபப்படாமல் சொல்கிறேன். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பதுதான் கத்தோலிக்கப் போதனையும். மாதாவிடம் நாங்கள் கேட்பது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. நீங்கள் பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொல்லுவதுபோல. இறந்தவர்களிடம் அப்படிக் கேட்கலாமா என்பது உங்கள் மறுகேள்வி, அது நியாயமான வேறுபாடு, என்னால் அதைத் தீர்க்க முடியாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வரை நடந்துபோகும் கூட்டத்தில் எல்லோரும் போதனையைச் சரியாகப் புரிந்து நடக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். அதே நேரம், “இதோ, இதுமுதல் எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்” என்ற மரியாளின் பாட்டு சி.எஸ்.ஐ. மாலை ஆராதனையிலும் இருக்கிறது. பொது ஜெபத்தில் நாங்கள் ஜெபமாலை சொல்வதில்லை, அவர்கள் அதைக் குறை சொல்வதில்லை. வீட்டில் நான் சொல்லும்போது என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

வேறு சபைக்குப் போனால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

இந்தப் பக்கத்திலேயே எனக்குக் கஷ்டமான கேள்வி இதுதான்.

தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை மற்றச் சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்கிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளும் அப்படியே. யாரும் மறுபடி கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. என் மகளுக்கு எந்தச் சபையில் கொடுத்திருந்தாலும் இரண்டு சபைக்கும் அவள் ஞானஸ்நானம் பெற்றவள். நாம் நினைப்பதைவிட இது பெரிய ஒற்றுமை.

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் நிலை வேறு. விசுவாசித்து, தன் வாயால் அறிக்கையிட்டவர் தண்ணீரில் முழுகி எடுப்பதே ஞானஸ்நானம், குழந்தைக்குத் தெளித்தது அதில் சேராது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அவர்கள் பார்வையில் அது ‘மறு’ ஞானஸ்நானமே இல்லை, முதல் ஞானஸ்நானம். என் தம்பி முழுகி எழுந்த அன்று எங்கள் அம்மா சாப்பிடவில்லை. “நான் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றது பொய்யா?” என்று கேட்டாள். அவன் அழுதான். “அம்மா, நீ அன்றைக்கு எனக்காகச் சொன்னதை நான் இன்றைக்கு என் வாயால் சொன்னேன்” என்றான். இரண்டு பேரும் சொன்னதில் நான் பொய்யைப் பார்க்கவில்லை. நான் மறுபடி எடுக்க மாட்டேன், எனக்கு ஒன்று போதும். ஆனால் எடுத்தவனை விசுவாசத்தை மறுதலித்தவன் என்று சொல்ல என் நாக்கு வராது. அவனிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன்: அம்மாவை இரட்சிக்கப்படாதவள் என்று மேடையில் சாட்சி சொல்லாதே. அவன் இதுவரை சொன்னதில்லை.

மற்றச் சபையில் நற்கருணை வாங்கலாமா?

சி.எஸ்.ஐ.யில் பொதுவாக, தங்கள் சபையில் நற்கருணை பெறும் தகுதியுள்ள மற்றச் சபையினரையும் அழைப்பார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. மரண ஆபத்து போன்ற நெருக்கடிகளில் மட்டும், சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. கத்தோலிக்கர் மற்றச் சபையில் வாங்கவும் கூடாது. பெந்தெகொஸ்தே சபைகளில் சபைக்குச் சபை மாறும். பல இடங்களில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும்.

சட்டம் இதுதான். எங்கள் மகள் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்று அவள் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். நானும் அவளும் மட்டும் எழுந்து போனோம். திரும்பி வந்தபோது அவர் அவளுக்கு நடக்க இடம்விட்டு முழங்காலைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ரகசியமாக விதியை மீறலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் செய்வதில்லை. பிரிவு இன்னும் ஆறவில்லை என்பதை ஒவ்வொரு ஞாயிறும் உடம்பால் உணர்கிறவர்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை ஆற்ற யாருக்கும் அவசரம் வராது.

ஆர்.சி. பெண், சி.எஸ்.ஐ. பையன் கல்யாணம் செய்வதற்கு என்ன வழி?

இரண்டு பங்கிலும் (அவரவர் பகுதிச் சபையிலும்) முன்கூட்டியே, குறைந்தது சில மாதங்களுக்கு முன் பேசுங்கள். கத்தோலிக்கத் தரப்பு மறைமாவட்டத்தில் ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு மட்டும் வாக்குக் கொடுக்கும். மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும். 1970-க்கு முன் இருவரும் வாக்குத் தர வேண்டியிருந்தது. தனி விலக்கு வாங்கினால் சி.எஸ்.ஐ. ஆலயத்திலேயே நடத்தலாம், கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்கும். இரண்டு இடத்திலும் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க நாள் பாருங்கள். இரண்டு கோவிலில் இரண்டு தடவை தாலி கட்டுவது மட்டும் கூடாது. எங்கள் குடும்பத்தில் ஒருவர் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த அப்படிச் செய்யப் பார்த்தார். எந்தக் கல்யாணம் கணக்கு என்று பத்திரத்தில் எழுதும்போது பெரும் சிக்கல்.

எங்கள் சபை இளைஞர்களை வேறு சபை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் என்ன ஒற்றுமை?

ஆடு திருடுவது என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டோம். மற்றச் சபையைத் திட்டி ஆள் சேர்ப்பது தப்பு, அதை அந்தப் பாஸ்டரிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள். ஆனால் என் தம்பி ஏன் போனான் என்பதும் எனக்குத் தெரியும். வேலை போய் ஆறு மாதம் வீட்டில் கிடந்தபோது எங்கள் பங்கிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து மாடியில் தகரக் கொட்டகைக்கு அடியில் ஜெபம் நடத்திய ஒரு பாஸ்டர் வாரம் மூன்று நாள் வந்து அவனோடு உட்கார்ந்தார். திருட்டு என்கிறோம், அந்த ஆடு ஆறு மாதம் தனியாகக் கிடந்ததை யார் கணக்கில் எழுதுவது?

சபைப் பிரிவை விடச் சாதிப் பிரிவு பெரிது இல்லையா?

ஆமாம். பல இடங்களில் ஆமாம். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். ‘உடனடியாக’ என்ற சொல்லுக்கு இருநூறு வருடம் ஆகப்போகிறது. கிராமங்களில் தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்று இன்றும் கேள்விப்படுகிறோம். சென்னையில் அது கல்யாண விளம்பரத்திலும் சபைத் தேர்தலிலும் வேறு உடையில் வருகிறது. ‘ஆர்.சி., சி.எஸ்.ஐ. எதுவானாலும் சம்மதம், ஆனால்’ என்று தொடங்கும் வரன் விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு சபைகளின் மேல்சாதிக்காரர்கள் கைகோர்ப்பதை நான் கிறிஸ்தவ ஒற்றுமை என்று ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இதில் சபைகள் ஒன்றாக நிற்கும் ஒரு காரியமும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இன உரிமை இல்லாமல் போனது. அந்த நாளைக் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். வெளியே கேட்கும் நீதியை உள்ளே கொடுத்துவிட்டுக் கேட்டால் குரலுக்கு இன்னும் பலம் வரும்.

உபதேசம் முக்கியமில்லையா? எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. உபதேசத்தில் அக்கறை உள்ளவர்கள்தான் ஒற்றுமைக்குப் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது (கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவது) பற்றித்தான் 16-ம் நூற்றாண்டில் சபை இரண்டாகப் பிளந்தது. அதே விஷயத்தைப் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பேசி, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் வத்திக்கானும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. அடிப்படையில் நாங்கள் ஒத்துப்போகிறோம், பழைய கண்டனங்கள் இன்றைய போதனையைக் குறிக்காது என்று அது சொல்கிறது. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். வேப்பேரிப் பக்கம் இருக்கும் லுத்தரன், கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபையார் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிரிந்த கதையை மறைக்கல்வி வகுப்பிலும் ஞாயிறு பள்ளியிலும் சொல்லித்தருகிறோம். இதையும் சொல்லித்தரலாம்.

எங்கள் ஐயர் (சபைக் குருவானவர்) சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?

அவரை மீறி ஆலயத்தில் எதுவும் நடத்தாதீர்கள். வீடுகளில் தொடங்குங்கள். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் மற்றச் சபையின் வீட்டிலும் நின்று ஒரு பாட்டுப் பாடுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பக்கத்துச் சபையிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போங்கள். துக்க வீடுகளை விடவே விடாதீர்கள். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யினரும் ஒரே மதிலுக்குள்தான் அடக்கமாகிறோம். சின்னத் தனிச் சபைகளுக்குப் பெரும்பாலும் சொந்தக் கல்லறை கிடையாது. எங்கள் தெருவில் அப்படி ஒரு சபையின் தாத்தா இறந்தபோது, பிள்ளைகள் இடத்துக்காக ஒரு நாள் முழுக்க அலைந்தார்கள். ஒரு சபை அலுவலகத்தில் உறுப்பினர் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வேறொரு சபையின் குடும்பம் தங்கள் குடும்பக் கல்லறையைத் திறக்க ஒத்துக்கொண்டது. அடுத்த ஜனவரியில் எங்கள் ஜெபத்துக்கு அந்தத் தாத்தாவின் பாஸ்டர் வந்தார். அவரைப் பார்த்து இரண்டு குருவானவர்களும் வந்தார்கள்.

வேறு சபைக்கு முதல் தடவை போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெந்தெகொஸ்தே ஜெப வீடு என்றால் பல இடங்களில் செருப்பு வெளியே, உட்காருவது பாயில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சத்தமாக ஜெபிப்பார்கள், பயப்படாதீர்கள். சில சபைகளில் நகை போடுவதில்லை, உங்களை யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள். கத்தோலிக்கக் கோவிலில் எல்லோரும் முழங்காலிடும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். நன்மை (நற்கருணை) வாங்க வரிசை போகும்போது பெஞ்சிலேயே இருங்கள், ஆசீர்வாதம் வேண்டுமானால் ஃபாதரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ.யில் பாட்டுப் புத்தகமும் ஆராதனைப் புத்தகமும் வேறு வேறு, பக்கத்தில் இருப்பவர் பக்கம் எடுத்துக் கொடுப்பார். முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள், பேச்செல்லாம் வாசலில்தான் நடக்கும்.